பழம்பூட்டா, நகலா? ஒரே விற்பனையில் வந்த மூன்று பூட்டுகளின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தவை

சேகரிப்பாளர் ஒருவர் ஒரே விற்பனையாளரிடம் ஒரே தொகுப்பாக வாங்கிய மூன்று தொங்குபூட்டுகளைத் தம் அட்டவணையில் பதிவதற்கு முன், அவற்றின் காலத்தையும் மெய்மையையும் உறுதிசெய்து தருமாறு கேட்டிருந்தார். மூன்றும் 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை என்றும், ஒரே வீட்டின் இரும்புப் பெட்டியில் தலைமுறைகளாகக் கிடந்தவை என்றும் விற்பனையாளர் எழுத்தில் கொடுத்திருந்தார். ரிவெட்டுகளை அறுத்துப் பூட்டைத் திறக்கக் கூடாது, மேற்பரப்பைச் சுரண்டக் கூடாது என்பவை உரிமையாளரின் நிபந்தனைகள். கண்ணில் படாத ஓரிடத்தில் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் ஒற்றிப் பார்க்க மட்டும் இசைந்தார். ஆகவே பத்து மடங்கு உருப்பெருக்கி, வெர்னியர் காலிப்பர், சாவித்துளை வழியே நுழையும் மெல்லிய கேமரா, புற ஊதா விளக்கு, காந்தம் ஆகியவற்றைக் கொண்டே ஆய்வு நடந்தது.

முதலாவது, இதய வடிவில் வார்த்த கனமான பித்தளைப் பூட்டு. அதன் முகப்பில் வெல்ஸ் பார்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் பெரிய புடைப்பு எழுத்துகளில் இருந்தது. இரண்டாவது, வட்ட வடிவப் பித்தளை லீவர் பூட்டு (உள்ளிருக்கும் லீவர் என்ற தகடுகளைச் சாவி உயர்த்தித் திறக்கும் வகை); அதில் தயாரிப்பாளர் பெயரும் ஒரு காப்புரிமை நாளும் இருந்தன. மூன்றாவது, கறுப்பு வண்ணம் பூசிய இரும்புப் பூட்டு. சாவித்துளையின் மேல் பித்தளை மூடி ஒன்று தொங்கியது. உரிமையாளர் முதலிரண்டையும் சிறந்தவை என்று கருதி, மூன்றாவதைத் தொகுப்போடு ஒட்டிக்கொண்டு வந்த சாதாரணப் பொருளாகவே எண்ணியிருந்தார். இரும்புப் பூட்டின் வண்ணம் புதிது, சாவி புதிது, தோற்றமும் கவர்ச்சியற்றது என்பதால் அந்த எண்ணம் இயல்பானதே.

எதை முதலில் பார்ப்பது

ஒரு பொருளைப் பழையதாகக் காட்ட விரும்புபவர் முதலில் கைவைப்பது அதன் நிறத்தில்தான். பித்தளையை அம்மோனியா ஆவியில் மூடி வைத்தால் பழுப்பேறும். பொட்டாசிய சல்ஃபைடுக் கரைசலில் முக்கினால் சில நிமிடங்களில் கருக்கும். இரும்பை உப்புநீரில் நனைத்து நனைத்து உலரவிட்டால் சில நாட்களில் துரு ஏறும். இத்தனை எளிதாகவும் விரைவாகவும் உண்டாக்கக்கூடிய நிறத்தையும் துருவையும் களிம்பையும் சான்றுகளின் வரிசையில் கடைசியில் வைப்பதே முறை. ஆனால் பழம்பொருள் வாங்குவோரில் பலர் அவற்றிலேயே தொடங்கி அவற்றிலேயே முடித்துவிடுகிறார்கள்.

பூட்டு ஒரு பொறி. அதில் எது எதன்மேல் உரசும், எந்தத் திசையில் இழுபடும், எவ்விடம் கைபடாமலே இருக்கும் என்பவற்றை அதன் அமைப்பே முடிவு செய்கிறது. கதவில் தொங்கும் பூட்டின் எடை முழுவதும் வளையத்தின் உட்புற உச்சியில் நாதாங்கியின்மேல் தங்குவதால், அந்த இடம் தேய்ந்தே ஆக வேண்டும். பூட்டின் பின்புறம் கதவோடு ஒட்டி ஆடுவதால் முகப்பைவிடப் பின்புறம் மழுங்க வேண்டும். சாவி எப்பக்கம் திரும்புகிறதோ அப்பக்கத்துத் துளைவிளிம்பு மறுபக்கத்தைவிட அதிகம் உருண்டிருக்க வேண்டும். இத்தேய்மானங்கள் ஒன்றுக்கொன்று இசைவாக, ஒரே அளவு பயன்பாட்டைக் காட்டுபவையாக இருக்க வேண்டும். சுத்தியலாலும் அரத்தாலும் தேய்மானத்தைப் பாவனை செய்ய முடியும். ஆனால் பத்து இடங்களிலும் சரியான திசையில், சரியான விகிதத்தில் செய்வதற்கு ஆகும் உழைப்பு நகலின் விலைக்குக் கட்டுப்படியாகாது. எனவே இந்த ஆய்வில் முதலில் பொறியின் தேய்மானமும், அடுத்து செய்முறையின் தடயங்களும், அதன்பின் எழுத்துகளும், கடைசியில் நிறமும் பார்க்கப்பட்டன.

இதய வடிவப் பூட்டு

இதய வடிவம் தன்னளவில் ஐயத்துக்கு உரியதன்று. அமெரிக்க ரயில்பாதைகளில் தண்டவாள மாற்றுக் கருவிகளைப் பூட்டுவதற்கு இவ்வடிவப் பூட்டுகள் பெருமளவில் பயன்பட்டன. அந்த மெய்யான பூட்டுகளில் உரிமை நிறுவனத்தின் சுருக்கெழுத்து பெரும்பாலும் வளையத்திலோ உடலிலோ அச்சுளியால் அடிக்கப்பட்டிருக்கும். எழுத்துகள் புடைத்து நிற்க வார்த்த அலங்கார வகையும் இருந்தது. அரிய அந்த வகையே சேகரிப்போர் தேடுவது என்பதால், நகல் செய்வோரும் அதையே பின்பற்றுகிறார்கள்.

கையில் இருந்த பூட்டில் வளையத்தின் உட்புற உச்சி, வார்த்தெடுத்து அரத்தால் தேய்த்த நிலையிலேயே இருந்தது. அரத்தின் கோடுகள் வளைவு முழுவதும் இடையறாமல் ஓடின. ஆண்டுக்கணக்கில் ஒரு சங்கிலிக்கண்ணியோ நாதாங்கியோ அவ்விடத்தில் உரசியிருந்தால், முதலில் மறைந்திருக்க வேண்டியவை அந்தக் கோடுகளே. அதே வேளையில் உடலின் முகப்பில் பழமையைக் காட்டும் அடிகளும் பள்ளங்களும் ஏராளமாக இருந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது பள்ளங்கள் யாவும் ஒரே ஆரமுடைய உருண்டை முனையால் விழுந்தவை என்று தெரிந்தது. பின்புறத்தில் அவை குறைவு. கதவிலோ கம்பத்திலோ தொங்கிய பூட்டுக்கு இந்த ஏற்பாடு தலைகீழானது. அடிபட்டது பூட்டின் காட்சிக்குரிய பக்கமே.

சாவித்துளையின் மூடி கீல் ஆணியில் ஊசலாடும் வகையைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட மூடி ஒவ்வொரு முறை விலக்கப்படும்போதும் அதன் கீழ்முனை உடலின்மேல் ஒரு வில்வடிவக் கோட்டைக் கீறும். ஆணியை மையமாகவும் மூடியின் நீளத்தை ஆரமாகவும் கொண்ட அந்தக் கோடு, நெடுநாள் பயன்பட்ட பூட்டில் தவறாமல் தென்படும். இங்கே அது இல்லை. மூடியைத் தூக்கினால் அடியில் இருந்த பரப்பும் மூடாத பரப்பும் ஒரே கருமையில் இருந்தன. உடலும் மூடியும் பொருத்தப்படுவதற்கு முன்பே தனித்தனியாகக் கருக்கப்பட்டன என்பதற்கு இது போதும்.

சாவியையும் கவனிக்க வேண்டும். அதன் குழலின் இருபுறமும் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் எழும் மெல்லிய வரம்பு அரத்தால் நீக்கப்படாமல் இருந்தது. பூட்டுக்குள் சென்று திரும்பும் உறுப்பில் அந்த வரம்பு நீங்காமல் இருப்பது, அது அதிகம் திரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. கேமரா உள்ளே காட்டியது ஒற்றை லீவரையும் சுருள் ஸ்பிரிங் ஒன்றையும் மூலைகளில் ஒட்டியிருந்த வார்ப்பு மணலையும். மணலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மணல் அச்சில் வார்த்த எந்தப் பூட்டின் உட்குழிவிலும் தொடக்கத்தில் சில மணிகள் ஒட்டியிருக்கக் கூடும். ஆனால் நல்ல தொழிற்சாலையில் பொறியைப் பொருத்துமுன் உட்புறம் துலக்கப்படும். அதையும் மீறித் தப்பிய மணிகள் பல்லாண்டு அதிர்விலும் எண்ணெயிலும் உதிர்ந்துவிடும். இங்கே மணிகள் கூர்மையாக, எண்ணெய்ப் பசையே இல்லாமல், உலர்ந்து நின்றன.

ரிவெட்டுகள் இன்னொரு தடயம். தரமான பழைய பித்தளைப் பூட்டுகளில் ரிவெட்டுத் தலைகளை அடித்துப் பரப்பி, உடலோடு சமமாக அரத்தால் தேய்த்து மெருகிடுவார்கள். எங்கே ரிவெட் இருக்கிறது என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கே நான்கு தலைகளும் உடலைவிடச் சற்று உயர்ந்து நின்றன, அவற்றில் இரண்டு காந்தத்தை ஈர்த்தன. மழையிலும் வெயிலிலும் தொங்க வேண்டிய பித்தளைப் பூட்டில் இரும்பு ரிவெட் போடுவது, துருவை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

இனி எழுத்துகள். வெல்ஸ் பார்கோ நிறுவனம் 1852இல் தொடங்கப்பட்டது. அதன் சரக்கு விரைவுப் பணி 1918இல் பிற நிறுவனங்களோடு ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. புகழ்பெற்ற பெயர் என்பதால் அதைப் பூட்டில் பொறித்தால் விலைபோகும். இப்பெயர் தாங்கிய பித்தளைப் பூட்டுகள், எந்த மூலத்தையும் பார்த்துச் செய்யப்படாத கற்பனைப் பூட்டுகளுக்கு எடுத்துக்காட்டாகவே சேகரிப்போரிடையே பேசப்படுகின்றன. குதிரை அஞ்சலான போனி எக்ஸ்பிரஸின் பெயரில் வரும் பூட்டுகளும் அவ்வாறே. 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை ஒன்றரை ஆண்டு மட்டுமே நடந்த ஒரு பணி, இன்று அதன் பெயரில் விற்கப்படும் பூட்டுகளை எங்கெங்கே மாட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

பூட்டின் அடியில் காப்புரிமை நாளாக 1877 ஜூன் 10 என்று பொறித்திருந்தது. அமெரிக்கக் காப்புரிமைகள் 1848 முதல் செவ்வாய்க்கிழமைகளிலேயே வழங்கப்பட்டு வருகின்றன. அமெரிக்கப் பூட்டு வல்லுநர் லீனஸ் யேல் இளையவரின், சிறு ஊசிகளால் இயங்கும் பின் டம்ளர் பூட்டுக்கான காப்புரிமை நாளான 1865 ஜூன் 27 செவ்வாய்க்கிழமைதான். 1877 ஜூன் 10 ஞாயிற்றுக்கிழமை. நாட்காட்டியைத் திருப்பிப் பார்ப்பது தவிர வேறு எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையைச் சேகரிப்போரில் பலர் செய்வதில்லை. ஆனால் இது ஒரு பக்கமாக மட்டுமே தீர்ப்புச் சொல்லும்: நாள் செவ்வாயாக இல்லாவிட்டால் பொறிப்பு பொய், செவ்வாயாக இருந்தால் அதனால் மெய்மை நிறுவப்பட்டுவிடாது. ஏன் என்பதை இரண்டாவது பூட்டு காட்டுகிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வரி போதும்: வளையத்தின் அடிப்பகுதியில் ஒற்றிய பஞ்சில் கருமை முழுவதும் கரைந்து வந்து, அடியில் மஞ்சள் மாறாத பித்தளை வெளிப்பட்டது.

வட்டப் பூட்டு

இரண்டாவது பூட்டைப் பற்றி அவ்வளவு விரைவாக முடிவுக்கு வர இயலவில்லை. வடிவம், தயாரிப்பாளர் பெயரின் எழுத்துமுறை, காப்புரிமை நாள், மூடியின் அமைப்பு யாவும் ஒரு மெய்யான பழைய மாதிரியோடு பொருந்தின. நாள் செவ்வாய்க்கிழமையே. சாவித்துளையைச் சுற்றிச் சாவிமுனை தடுமாறிக் கீறிய விசிறிவடிவக் கீறல்களும் இருந்தன. இவ்வகைப் பூட்டு ஒருபோதும் செய்யப்படவில்லை என்று சொல்லி விலக்க முடியாது என்பதால், கேள்வி வேறாக மாறியது: இது அந்தத் தொழிற்சாலை வார்த்ததா, அது வார்த்ததிலிருந்து வேறொருவர் அச்செடுத்து வார்த்ததா?

இதற்கு ஒப்பீட்டுப் பொருள் தேவைப்பட்டது. உரிமை வரலாறு ஐயமின்றித் தெரிந்த, அதே மாதிரிப் பூட்டு ஒன்றை மற்றொரு சேகரிப்பாளர் அளந்து பார்க்கத் தந்தார். இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. காலிப்பரில் ஒப்பீட்டுப் பூட்டின் விட்டம் 63.5 மி.மீ., ஆய்வுக்கு வந்ததன் விட்டம் 62.5 மி.மீ. தடிமன் 19.0க்கு எதிராக 18.7. பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை 41.0க்கு எதிராக 40.4. பக்கவாட்டு ரிவெட்டுகளின் இடைவெளி 38.1க்கு எதிராக 37.5. நான்கு அளவுகளிலும் ஆய்வுப் பூட்டு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு சிறியது.

உருக்கிய பித்தளை அச்சுக்குள் உறைந்து குளிரும்போது சுருங்குகிறது. வார்ப்பு மாதிரி செய்யும் தச்சர்கள் இதற்காகவே அடிக்கு 3/16 அங்குலம் கூட்டிய தனி அளவுகோலைப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம், அது 1.56 விழுக்காடு. வார்ப்பிரும்புக்கு அடிக்கு 1/8 அங்குலம், அதாவது ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவு. மூலத் தொழிற்சாலை தன் மாதிரியை இந்த அளவுகோலால் பெரிதாகச் செய்ததால் அதன் பூட்டு நினைத்த அளவில் வந்தது. அந்தப் பூட்டையே மாதிரியாக வைத்து மணலில் பதித்து வார்ப்பவருக்குக் கூட்டிக்கொள்ள இடமில்லை; அவருடைய பூட்டு மூலத்தைவிட ஒரு சுருக்கம் குறைவாகவே வரும். இடையில் மெழுகு மாதிரி ஒன்றும் எடுக்கப்பட்டிருந்தால் மெழுகின் சுருக்கமும் சேர்ந்துகொள்ளும்.

ஒற்றை அளவை வைத்து இப்படி முடிவு கட்டுவது தவறு. பழைய தொழிற்சாலைகளிலும் மாதிரிகள் தேய்ந்தன, புதுப்பிக்கப்பட்டன, ஒரே பெயரில் சற்று வேறுபட்ட அளவுகள் வெளிவந்தன. அப்படி வேறுபட்டிருந்தால் விட்டம் மாறியிருக்கும், எழுத்து மாறாமல் இருக்கும். அல்லது தடிமன் மட்டும் மாறியிருக்கும். எல்லா வார்ப்பு அளவுகளும் ஒரே விகிதத்தில் குறைவதும், வார்ப்பால் வராத அளவுகள் அந்த விகிதத்துக்கு வெளியே நிற்பதும் சேர்ந்தே சான்றாகும். இங்கே வளையத்தின் கம்பி ஒப்பீட்டுப் பூட்டில் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். ஆய்வுப் பூட்டில் தேய்மானம் எட்டாத அடிப்பகுதியிலும் சரியாக 6.00. சாவித்துளையின் நடுவே நிற்கும் ஊசி 3.2க்கு எதிராக 3.0. உடல் மூலத்திலிருந்து சுருங்கியது; கம்பியும் ஊசியும் மெட்ரிக் அளவில் விற்கும் கம்பியிலிருந்து வெட்டியவை.

அடுத்து, அந்த விசிறிவடிவக் கீறல்கள். முதல் பார்வையில் இப்பூட்டுக்குச் சாதகமாகப் பேசியவை அவையே. உலோகத்தின்மேல் சாவி கீறும்போது கீறலின் அடித்தளம் மழமழப்பாகவும் அதன் கரைகளில் ஒதுங்கிய உலோகம் மெல்லிய வரம்பாகவும் இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் இக்கீறல்களின் அடித்தளம் உடலின் மற்றப் பகுதியைப் போலவே நுண்துளைகளும் மணற்சொரசொரப்பும் கொண்டிருந்தது, கரைகள் உருண்டிருந்தன. அவை கீறல்களே அல்ல, கீறல்களின் வார்ப்பு. பயன்பட்டுத் தேய்ந்த ஒரு மூலத்திலிருந்து அச்செடுத்தபோது அதன் தழும்புகளும் கூடவே வந்துவிட்டன. இதே தழும்புகளோடு இன்னொரு பூட்டு எங்காவது விற்பனைக்கு வருமானால் அதில் வியப்பில்லை. வேறு வேறு இடங்களில் கிடைக்கும் இரண்டு பூட்டுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டிலும் வலுவான சான்று இத்துறையில் கிடைப்பது அரிது. விற்பனைப் படங்களைச் சேமித்து வைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அது கைகொடுக்கும்.

எழுத்துகளின் விளிம்பும் மூலத்தைவிட மழுங்கியிருந்தது. குறிப்பாகச் சிறிய எழுத்துகளில் உட்குழிவுகள் நிரம்பியிருந்தன. தேய்ந்த பூட்டிலும் எழுத்து மழுங்கும், ஆனால் தேய்மானம் எழுத்தின் உச்சியைத்தான் தாக்கும். எழுத்தின் அடிவாரம், உடலோடு சேரும் கோணம், கூர்மையாகவே எஞ்சும். இங்கே உச்சி தட்டையாக நிற்க அடிவாரம் உருண்டிருந்தது.

பின்புறத்தின் கீழ்ப்பகுதியில் நீள்வட்டமாக ஓர் இடம் ஒரே திசைக் கோடுகளோடு தேய்க்கப்பட்டு, அதன்மேல் மீண்டும் கருமை ஏற்றப்பட்டிருந்தது. அமெரிக்காவுக்குள் வரும் அயல்நாட்டுப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது மெக்கின்லி சுங்கச் சட்டத்தின்படி 1891 முதல் நடைமுறை. பிரிட்டனில் 1887ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் அயல்நாட்டுப் பொருள்களின் தோற்றத்தை மறைக்கும் குறிகளுக்குத் தடை விதித்தது. அலங்காரப் பொருளாக நேர்மையாகவே செய்து அனுப்பப்படும் நகல்களில் நாட்டின் பெயர் இருப்பதும், இடையில் யாரோ அதைத் தேய்த்து நீக்குவதும் உண்டு. இந்தத் தேய்ப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பது இனி வாசிக்க இயலாதது. ஆனால் பூட்டின் வேறு எவ்விடத்திலும் இல்லாத ஒரு தேய்ப்பு அங்கே மட்டும் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. ஏமாற்று நுழைந்தது வார்ப்புக்கூடத்தில் அல்ல, அதற்குப் பிந்திய ஏதோ ஒரு கையில் என்று கருத இடமுண்டு.

ரிவெட்டுகளின் ஓரங்களில் பச்சையாகத் தெரிந்த களிம்பு புற ஊதா வெளிச்சத்தில் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது. செம்பின் உப்பாகிய களிம்புக்கு அத்தகைய ஒளிர்வு இல்லை. பிசினில் குழைத்த பச்சை வண்ணத்துக்கு உண்டு.

உலோகக் கலவையை எக்ஸ் கதிர் கருவியால் பகுத்துப் பார்க்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். பித்தளைக்கு அதை முதற்சோதனையாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய வார்ப்புக்கூடங்களும் இன்றைய சிறு வார்ப்புக்கூடங்களும் கழிவுப் பித்தளையை உருக்கியவையே. துத்தநாகமும் ஈயமும் தகரமும் ஒரே கூடத்தில் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். கலவையில் அலுமினியம் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் அது ஒரு செய்தி. ஏனெனில் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் மின்பகுப்பு முறை 1886இல்தான் கண்டறியப்பட்டது. அது இல்லாவிட்டால் ஒன்றும் நிறுவப்படாது. இருபது நிமிடம் காலிப்பரோடு உட்கார்வது இதைவிடத் தெளிவான விடையைத் தந்துவிட்டது.

இரும்புப் பூட்டு

மூன்றாவது பூட்டின் புறத்தோற்றத்தில் நம்பிக்கை தருவது ஏதுமில்லை. யாரோ கம்பித் தூரிகையால் துருவை உரித்துக் கறுப்பு எனாமல் பூசியிருந்தார்கள். மூடியின்மேல் மணிமுடிச் சின்னமும் விக்டோரியா அரசியைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் இருந்தன. அவர் ஆட்சி 1837 முதல் 1901 வரை என்பதால் இக்குறி காலத்தைச் சொல்கிறது என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் குறியுள்ள மூடி ஒன்றை எந்த உடலிலும் பொருத்திவிடலாம், இக்குறியோடு நகல்களும் வருகின்றன. எனவே எழுத்தைக் கணக்கில் சேர்க்காமலே பார்க்க வேண்டியிருந்தது.

வளையத்தின் உட்புற உச்சியில் ஒரு தட்டையான பள்ளம் இருந்தது. அது நடுவில் இல்லாமல் கீல் பக்கமாகச் சற்று ஒதுங்கியிருந்தது. பூட்டை ஒரு கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தபோது, கீலின் இரும்பு மிகுந்த பக்கம் தாழ்ந்து, பூட்டு இலேசாகச் சாய்ந்து, கம்பி தானாகவே அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. கீல் ஆணியின் துளை வட்டமாக இல்லை. வளையம் இழுபடும் திசையிலேயே நீண்டு நீள்வட்டமாகியிருந்தது. ஆனால் அத்துளையில் இருந்த ஆணி சரியான வட்டமாக, துளைக்குத் தளர்வாக இருந்தது. துளையை நீட்டிய பழைய ஆணி தேய்ந்து நீக்கப்பட்டுப் புதியது அடிக்கப்பட்டிருக்கிறது.

சாவித்துளையின் வலப்பக்க விளிம்பு இடப்பக்கத்தைவிடத் தெளிவாக உருண்டிருந்தது. சாவி வலஞ்சுழியாகத் திரும்புவது. நடு ஊசியும் ஒரு பக்கமாகவே மெலிந்திருந்தது. சாவியின் குழலோ உள்ளே எப்பக்கமும் தேயாத சீரான வட்டம். சாவி பூட்டைத் திறக்கிறது, ஆனால் ஊசியைத் தேய்த்தது இந்தச் சாவி அன்று. மூடியை விலக்கினால், எனாமலுக்கு அடியிலும் விரலில் தட்டுப்படும்படி அந்த வில்வடிவக் கோடு ஆழமாக ஓடியது. அதன் ஆரம் மூடியின் நீளத்தோடு பொருந்தியதால் மூடி வேறொரு பூட்டிலிருந்து வந்ததன்று என்று கொள்ளலாம். குறியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அதன்பின்பே இடம் கிடைத்தது.

வளையத்தின் கீல்காலில் எனாமல் பெயர்ந்த ஓரிடத்தில் அரிப்பு ஆழமாக இருந்தது. அங்கே உலோகம் புள்ளிபுள்ளியாக அரிக்கப்படாமல், வளைவின் போக்கிலேயே நீளும் நார்களாகப் பிரிந்து தெரிந்தது. தேனிரும்பில் அடித்து நீட்டும்போது கசடு இழைகளாக உள்ளே தங்கிவிடுவதால், அரிப்பு அந்த இழைகளைப் பின்பற்றிச் செல்லும். இன்றைய மென் எஃகில் இப்படி நார் இருப்பதில்லை. எஃகை மலிவாகச் செய்யும் பெஸ்ஸமர் முறை 1856இல் வந்த பின்னரும் தேனிரும்பு உடனே மறையவில்லை. 20ஆம் நூற்றாண்டிலும் பல பட்டறைகளில் அது புழங்கியது. ஆகவே நார்த்தடம் 19ஆம் நூற்றாண்டைத் தனியாக நிறுவாது. அண்மைக் காலத்து நகல் என்ற வாய்ப்பையே அது ஏறக்குறைய அடைத்துவிடுகிறது.

உடலின் தகடுகள் சேரும் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடாகப் பித்தளைப் பற்றவைப்பு ஓடியது. மின்வெல்டிங்கின் மணிமணியான தடம் எங்கும் இல்லை. உள்ளே கேமரா காட்டியவை, கல்லாக இறுகிய பழுப்பு எண்ணெய், இரண்டு லீவர்கள், அவற்றை அழுத்தும் தட்டையான இலைவடிவ ஸ்பிரிங்குகள், வளையத்தைப் பிடிக்கும் நாக்கின் படியில் சாவிப்பல் உரசி மின்னிய ஓரிடம். கம்பித் தூரிகையாலும் எனாமலாலும் எட்ட முடியாத இந்த உட்புறம் வெளித்தேய்மானத்தோடு முழுமையாக ஒத்துப்போனது. உடலும் வளையமும் மூடியும் பொறியும் ஒரே காலத்தவை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த ஆங்கிலேயப் பணி, பெரும்பாலும் அன்றைய ஸ்டாஃபர்ட்ஷயரின் பூட்டுத்தொழில் ஊரான வில்லன்ஹால் மரபில் செய்தது என்பது என் மதிப்பீடு. பட்டறையின் பெயரைச் சொல்லும் குறி எதுவும் இல்லாததால் அதற்கு மேல் செல்லவில்லை.

பதிவும் நடவடிக்கையும்

மூன்று பூட்டுகளும் ஒரே பெட்டியில் தலைமுறைகளாகக் கிடந்தவை என்ற கூற்று இத்துடன் நிற்க இயலாமல் போனது. விற்பனையாளருக்கு எழுதும் மடலில் போலி என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாம், அளவுகளையும் படங்களையும் நாட்காட்டிக் குறிப்பையும் மட்டும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று உரிமையாளருக்கு யோசனை கூறப்பட்டது. விற்பவரும் முந்திய கையிடம் ஏமாந்தவராக இருக்கக்கூடும். எண்களை மறுப்பதும் குற்றச்சாட்டை மறுப்பதைவிடக் கடினம்.

இரும்புப் பூட்டின் எனாமலை அகற்ற வேண்டுமா என்பதில் உரிமையாளருக்கு ஆர்வம் இருந்தது. பெயர்ந்த இடங்களில் துரு பரவாமல் மெல்லிய மெழுகுப் பூச்சு இடுவதோடு நிறுத்திக்கொள்ளுமாறு பரிந்துரைக்கப்பட்டது. தூரிகை ஏற்கெனவே பழைய மேற்பரப்பை எடுத்துவிட்டதால் எனாமலுக்கு அடியில் மீட்பதற்கு ஒன்றுமில்லை, கரைப்பான் உட்புற எண்ணெயைக் கரைத்தால் இருக்கும் சான்றும் போய்விடும். அட்டவணையில் அதற்கு எழுதப்பட்ட வாசகம்: இரும்பு லீவர் பூட்டு, ஆங்கிலேயப் பணி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, கீல் ஆணி புதுப்பிக்கப்பட்டது, சாவி பிற்காலத்தது, மேற்பூச்சு அண்மையது.

இதய வடிவப் பூட்டைத் திருப்பி அனுப்புவதென்றும், வட்டப் பூட்டை மட்டும் ஒப்பீட்டுக்குரிய நகலாகத் தம்மிடமே வைத்துக்கொள்வதென்றும் உரிமையாளர் முடிவு செய்தார். நல்ல நகல் ஒன்று கையில் இருப்பது அடுத்த பூட்டை மதிப்பிட உதவும் என்பதால் அது பொருத்தமான முடிவே. தம்மிடமிருந்து அது வேறொருவரிடம் போகும் நாளில் அட்டவணைக் குறிப்பும் கூடவே போகும் என்பதற்கு உறுதியில்லாததால், பின்புறத்தில் முன்பு தேய்க்கப்பட்ட அதே நீள்வட்டத்துக்குள், நகல் என்ற குறியை எஃகு அச்சால் ஆழமாக அடித்து வைக்க இசைந்தார்.